ரோஷினி ரசத்துக்கு முப்பத்து நான்கு

காட்டுப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் லட்சுமணனுக்கு, பக்தவத்சலம் எழுதிக்கொண்டது. நான் நலம், நீயும் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, தெருத் தண்ணீர்தான் விடவில்லை.

அக்கா போன பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் மாமா என்று போனில் கேட்டாய். அதைப் போனில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். மற்ற நாட்களில் மெஸ் கேரியர், சனிக்கிழமைகளில் சோதனை. எங்கள் ஃபிளாட்டில் இருக்கும் வித்யா டீச்சர் பள்ளியில் சாரணியர் படை நடத்துகிறார். சமையல் பேட்ஜ் வேண்டுமென்றால் பெண்கள் சொந்தக்காரர் அல்லாத ஒருவருக்கு முழுச் சாப்பாடு சமைத்துப் போட்டு, அவரிடம் மதிப்பெண் வாங்க வேண்டுமாம். பாஸ் முப்பத்தைந்து. "முப்பத்தாறு வருஷம் பேப்பர் திருத்தினவர், உங்களை விட்டா யாரு சார்" என்றார்.

எழிலரசி, ரோஷினி என்று இரண்டு பேர் வந்தார்கள், எட்டாம் வகுப்பு. எழிலரசி குக்கருக்கு வெயிட் போட மறந்துவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தாள், நானும் எண்ணிச் சொல்வதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சோறு குழைந்து, அடிப்பிடித்து, கீழ்வீட்டு நடேசன் ஓடி வந்து, "இன்னா சார், ஊட்ல ஹோமமா?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டு சாப்பிட்டும் போனார். அவளுக்கு நாற்பது போட்டேன். உதாரணத்துக்குச் சொல்கிறேன், கணக்கில் விடை தப்பானாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டல்லவா.

ரோஷினிக்கு முப்பத்து நான்கு. வேலையில் இருந்தவரை ஒரு மதிப்பெண்ணில் யாரையும் நான் ஃபெயிலாக்கியதில்லை, எங்கேயாவது ஒரு கமாவைத் தேடிப் பிடித்தாவது ஒன்று போட்டுவிடுவேன். ஆனால் அவள் வைத்த ரசத்தில் உப்பில்லை, புளியில்லை, சொல்லப்போனால் ரசமே இல்லை, வெந்நீர். மறு சனிக்கிழமையும் வந்து வைத்தாள், முப்பத்து நான்கு. நேற்றும் அதேதான். துணைக்கு வந்த எழிலரசி சண்டைக்கு வந்துவிட்டாள். "இன்னா தாத்தா, மூணு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டு ஃபெயில்ன்றீங்க?" ரோஷினி, "விடுடி, எனக்கு வரல" என்று மட்டும் சொன்னாள். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டைக் கையில் பேட்ஜ் தைக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டே படியிறங்கினாள். புதன்கிழமை பேட்ஜ் கொடுக்கிறார்கள்.

என்ன செய்வது லட்சுமணா, தப்பைத் தப்பு என்றுதானே போட முடியும். அங்கேயே வந்து இருக்கச் சொல்கிறாய். அந்தப் பெண் தேறும்வரை நான் எப்படிக் கிளம்புவேன்?

உன் பையன் கௌதமுக்கு என் ஆசி. பின்னக் கணக்கை அவசரப்படாமல் போடட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா பக்தவத்சலம்

பி.கு. (திங்கட்கிழமை): ரசத்தைப் பற்றி மேலே எழுதியது பொய். அலமாரிக் கதவின் உள்பக்கம் உன் அக்கா பத்மா ஒட்டி வைத்திருந்த ரசக் குறிப்புச் சீட்டைப் பார்த்து, கடைசியில் போடும் சிட்டிகை வெல்லம் வரைக்கும், ரோஷினி அப்படியே ரசம் வைத்திருக்கிறாள். நான் எட்டு மாதமாகத் திறக்காத கதவு. முதல் வாரம் ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. "நல்லால்லியா தாத்தா?" என்றாள். பாஸ் போட்டால் அடுத்த சனிக்கிழமை இந்த ரசம் இருக்காதே என்று தோன்றிவிட்டது. இன்று காலை அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவுக்கு எதிரிலேயே மன்னிப்புக் கேட்டு, நூறு போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள், நான் கிளம்பி வரலாம். ஒட்டிய சீட்டைக் கிழியாமல் எப்படி எடுப்பது என்று மட்டும் உன் மனைவியிடம் கேட்டு எழுது.