பில் இல்லாத தரை

"சார், திரும்பிப் பாக்காதீங்க. நீலச் சட்டை வந்தாச்சு" என்றார் மேஸ்திரி.

கணக்கு வாத்தியார் உடனே திரும்பிப் பார்த்தார்.

எதிரே காலி மனை. அதன் ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான் அந்த ஆள். கையில் போன். பார்வை நேராக வாத்தியார் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னறையில். அந்த அறைக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. உள்ளே சுவரோரம் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகள் தெருவில் போகிற யாருக்கும் தெரியும்.

"பாக்காதீங்கன்னு சொன்னேனே சார்."

"நீங்க சொன்னதாலதான்யா பாத்தேன்."

"நேத்தும் இதே இடம்தான். யாருப்பா நீன்னு கேக்கப் போனா வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிடறான். நான் ஒரு பெட்டியை நகத்தினா போதும், போட்டோ எடுக்கறான்."

"உங்களையா, பெட்டியையா?"

"என்னை எதுக்கு சார் எடுக்கப் போறான்? எங்க வீட்டுலயே யாரும் எடுத்ததில்ல."

வாத்தியார் போய்ப் பெட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றார். காரணம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது. அந்த டைல்ஸுக்கு பில் கிடையாது.

வீடு ஒன்றும் பெரிய வீடு இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கையிருப்பு குறையக் குறைய வீடும் வரைபடத்திலேயே மெலிந்துகொண்டு வந்தது. முதலில் மாடிப்படி போனது. பிறகு சமையலறை அலமாரிக் கதவுகள் போயின. ஜன்னல்கள் ஒரு சுற்று இளைத்தன. "இன்னும் கொஞ்ச நாள் போனா வாசப்படியும் வேணாம், தாண்டிக் குதிச்சுக்கலாம்னு சொல்லுவீங்க" என்றாள் மனைவி.

குறைக்க முடியாமல் மிச்சமிருந்தது தரை ஒன்றுதான். அதை எப்படியாவது இந்த மாதம் முடித்தாக வேண்டும். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் அடுத்த குடித்தனத்திடம் முன்பணம் வாங்கிவிட்டார். மாசக் கடைசியில் சாமான்களோடு வெளியே வந்து நிற்கும்போது, போய்ச் சேர ஒரு தரை வேண்டும்.

அதனால்தான் வாத்தியார் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி. "பில் போட்டா என்ன விலை? போடாட்டி என்ன விலை?" கடைசியாகப் போன கடையில் அவர் மனத்தாங்கலையும் கொட்டிவிட்டார்.

"முதலாளி, மூணாவது பங்களா கட்டறவன் இந்த டைல்ஸை வாங்கினா எத்தனை சதவீதம் வரி?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

"முதல் வீடு கட்டறவன், கடன் வாங்கிக் கட்டறவன் வாங்கினா?"

"அதேதான்."

"இது நியாயமா? நீங்களே சொல்லுங்க."

கடை முதலாளி நியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "பில் வேணாம்னா வரியை விட்டுடலாம்" என்றார்.

வாத்தியார் யோசித்தார். "எல்லாருக்கும் இப்படிக் குடுக்கறதுதானா?"

"கேக்கறவங்களுக்கு மட்டும்."

அதற்குமேல் வாத்தியாரும் நியாயம் பேசவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி முகம் சுளித்தாள். "ஏங்க, உங்க பள்ளிக்கூடம் அரசாங்கத்தோடது. உங்க சம்பளம் எங்கேருந்து வருது?"

"அது வேற பாடம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நீலச் சட்டை விஷயத்தை அன்று மாலை மைத்துனனிடம் சொன்னார்கள். மைத்துனன் எல்லாத் துறையிலும் ஆள் தெரியும் என்று சொல்லிக்கொள்பவன். எந்தத் துறையிலும் வேலை கிடைக்காதவன்.

"சந்தேகமே வேணாம் மாமா. வரித்துறைதான்" என்றான். "அவங்க நேரா வரமாட்டாங்க. மொதல்ல நோட்டம். அப்புறம் போட்டோ. பெட்டியைப் பிரிச்சுத் தரையில ஒட்டற அன்னிக்கு உள்ள பூந்து பில்லைக் கேப்பாங்க. இல்லேன்னா சரக்கை அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

"ஒட்டின டைல்ஸையா?"

"பேத்து எடுப்பாங்க மாமா. அபராதம் தனி. நீங்க அரசாங்க வேலை வேற. உங்களுக்கு இருக்கு."

"டேய், சும்மா இரேன்டா" என்றாள் மனைவி.

"நான் பயமுறுத்தலக்கா. உள்ளதைச் சொல்றேன். பெட்டி கண்ணுல படாம இருந்தா கேஸே இல்ல. எங்கேயாவது மறைச்சு வைங்க."

மறைக்க இடம் ஏது? அறை எல்லாம் திறந்து கிடந்தது. வாசலில் தரைக்குக் கீழே கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டி மட்டும் மூடியோடு இருந்தது. அதில் இன்னும் தண்ணீர் விடவில்லை. மறுநாள் நீலச் சட்டை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, வாத்தியாரும் மேஸ்திரியும் மைத்துனனும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கி மூடியைப் போட்டார்கள். திரும்பி வந்த நீலச் சட்டை காலியான முன்னறையைப் பார்த்தான். ஸ்கூட்டரை விட்டு இறங்கி நின்றே பார்த்தான். பிறகு போனை எடுத்து யாரிடமோ வெகுநேரம் பேசினான்.

"திணறுறான் பாத்தீங்களா" என்றான் மைத்துனன்.

வாத்தியார் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பூச்சு வேலைக்குத் தண்ணி லாரி சொல்லியிருந்தேன். நான் சாப்பிடப் போயிருந்த நேரம் பாத்து லாரிக்காரன் வந்து ரொப்பிட்டுப் போயிட்டான்."

"எதை?"

"தொட்டியை."

அட்டைப் பெட்டிகள் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தன. டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தூக்குவதற்குப் பெட்டி என்று எதுவும் இல்லை. மேஸ்திரி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துக் கொடுக்க, வாத்தியார் வாங்கி மைத்துனனிடம் நீட்ட, மைத்துனன் துடைத்து வாசலில் பரப்பினான். வெளிச்சம் இருக்கும்போதே, நடுத்தெருவில், கடை விரித்த மாதிரி. எதிரே நீலச் சட்டை போனைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. இந்தத் தடவை வீடியோ.

"சிரிக்கிறானா பாருங்க" என்றார் வாத்தியார்.

"இல்ல சார். அவனும் பயந்த மாதிரிதான் இருக்கான்" என்றார் மேஸ்திரி.

"நம்மளைப் பாத்து யாரு பயப்படுவா? வேலையைப் பாருங்க."

மைத்துனனுக்கு அடுத்த யோசனை தயாராக இருந்தது. "இனிமே சரக்கு இங்க இருக்கவே கூடாது மாமா. உங்க வாடகை வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். வீட்டுக்குள்ள வர்றதுக்கு அவங்களுக்கு உத்தரவு வேணும்."

"அப்ப தரை எப்ப போடறது?"

"மொதல்ல சரக்கு நம்மகிட்ட இருக்கணும். அப்புறம் தரை."

இருட்டுவதற்குள் ஒரு குட்டி வேன் பிடித்து ஏற்றினார்கள். பெட்டி இல்லாத டைல்ஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோதெல்லாம் பின்னால் ஒரு ஸ்கூட்டர் விளக்கு தெரிந்தது.

வாடகை வீட்டு வாசலில் வேன் நின்றதும் சொந்தக்காரர் வெளியே வந்தார்.

"என்ன வாத்தியார், வீட்டைக் காலி பண்ணச் சொன்னா சரக்கு இறக்குறீங்க?"

"ரெண்டு நாளைக்குத்தான்."

"டைல்ஸ் மாதிரி இருக்கு? என் வீட்டுத் தரையை மாத்தப் போறீங்களா? மாத்தினா நல்லதுதான். ஆனா காலி பண்ணியே ஆகணும்."

"உங்க வீட்டுக்கு இல்லீங்க."

"அப்ப இந்தப் பாரத்தை என் தரையில ஏன் ஏத்தறீங்க? ஒரு விரிசல் விட்டாலும் முன்பணத்துல பிடிச்சுப்பேன், சொல்லிட்டேன்."

கட்டிலுக்கு அடியில் டைல்ஸ். மேசைக்கு அடியில் டைல்ஸ். சமையலறைக்குப் போகிற வழியில் டைல்ஸ். மனைவி அவற்றின்மேல் தட்டுகளை வைத்துச் சாப்பாடு போட்டாள்.

"நல்ல டைல்ஸ்தான்" என்றாள். "நம்ம தரையில உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்பட்டேன். தரையே சாப்பாட்டு மேசையா வந்திருக்கு."

வாத்தியார் பிசைந்ததையே பிசைந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, தெருமுனையில், ஸ்கூட்டர் நின்றிருந்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? போய் அந்த வரியைக் கட்டி பில்லை வாங்கிட்டு வந்துடுங்க. குளியலறைக் கதவு இப்போதைக்கு வேணாம். திரை போட்டுக்கலாம்."

மறுநாள் வாத்தியார் பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். அவர் தலை தெரிந்ததும் கடைக்குள் பேச்சு நின்றது. முதலாளி எழுந்து நின்று, தன் நாற்காலியையே துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். டீயா, ஜூஸா?"

"ஒண்ணும் வேணாம். போன வாரம் வாங்கின டைல்ஸுக்கு பில் வேணும்."

முதலாளியின் நெற்றியில் வேர்வை முளைத்தது. "பில்லா? நாங்க பில் போடாம ஒரு துண்டுகூட விக்கறதில்லையே சார்."

"எனக்குப் போடலையே."

"நீங்க எங்ககிட்ட வாங்கவே இல்லையே."

"என்ன முதலாளி இது? இதே இடத்துல நின்னு பேசினோம். வரி நியாயமான்னுகூடக் கேட்டேன்."

"சார், நான் உங்களை இப்பதான் முதல் தடவையாப் பாக்கறேன்." முதலாளி நாற்காலியை இன்னொரு முறை துடைத்தார். "பிள்ளைகுட்டிக்காரன் சார் நான். இத்தோட விட்டுடுங்க."

"நான் வரியைக் கட்டறேன்னுதான் சொல்றேன்!"

"ஐயோ, நீங்க எதுக்கு சார் கட்டணும்?" என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

வாத்தியார் வெளியே வந்தார். மைத்துனனுக்குப் போன் செய்தார்.

"நான்தான் சொன்னேனே மாமா! அங்கேயும் போயிட்டாங்க. அவனை மடக்கிட்டாங்க. உங்களைக் காட்டிக் குடுத்துட்டுத் தான் தப்பிச்சுக்கப் பாக்கறான். இருங்க, நான் நேர்ல போய் விசாரிக்கறேன்."

ஒரு மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். குரலில் பழைய தெம்பு இல்லை.

"மாமா... கடையைப் பூட்டிட்டாங்க. ஷட்டர் கீழ வரைக்கும் இறங்கியிருக்கு. பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியல. சீல் வெச்சிருப்பாங்க போல. நான் கொஞ்ச நாளைக்கு உங்க பக்கம் வரல. தப்பா நினைச்சுக்காதீங்க."

வாத்தியார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். கதவுக்கு வைத்திருந்த பணம்.

"வேனைக் கூப்பிடுங்க. சரக்கோட புது வீட்டுலயே போய் நிப்போம். என்ன ஆகுதோ ஆகட்டும். ஒளிச்சு ஒளிச்சு எனக்கு முதுகு போச்சு."

டைல்ஸ் மறுபடியும் வேன் ஏறியது. மறுபடியும் இறங்கியது. மேஸ்திரி சிமெண்டு பூசும் கரணையைக் கையில் எடுத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்பதுபோல் பார்த்தார். எதிர் மனையில் நீலச் சட்டை நின்றிருந்தான்.

வாத்தியார் உறையோடு தெருவைக் கடந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் அந்த ஆள் ஸ்கூட்டரை உதைத்தான். அது கிளம்பவில்லை. இன்னொரு உதை.

"நில்லு!" என்றார் வாத்தியார்.

இருபது வருஷமாகக் கடைசி பெஞ்சைத் திருத்திய குரல் அது. நீலச் சட்டை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் மேஸ்திரியும் கரணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"உள்ள வாங்க. எல்லாத்தையும் பாத்துடுங்க."

"சார், நான் ஒண்ணும்..."

"வாங்கன்னு சொல்றேன்ல."

முன்னறையில் அவனை நிறுத்தி வாத்தியார் ஒரே மூச்சில் சொன்னார். "இந்த டைல்ஸ் பில் இல்லாம வாங்கினது. ஒளிச்சதும் நான்தான். தொட்டியில போட்டதும் நான்தான், வீட்டுக்குக் கடத்தினதும் நான்தான். பங்களாக்காரனுக்கும் எனக்கும் ஒரே வரிங்கறது நியாயமில்லேன்னு இப்பவும் சொல்லுவேன். ஆனா அதுக்காக நான் பண்ணினதும் நியாயமில்ல. அந்த வரியிலதான் எனக்குச் சம்பளம் வருது. எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடறேன். அபராதம் இருந்தாலும் சரி. தரையை மட்டும் பேக்காதீங்க. மாசக் கடைசியில எங்களுக்குப் போக வேற இடமில்ல."

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

நீலச் சட்டை முன்னறையைச் சுற்றி வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தான். சமையலறைக் குழாயைத் திருகினான். கொஞ்சம் காற்று வந்தது. கதவில்லாத குளியலறை வாசலில் சற்று நேரம் நின்றான். பிறகு மேஸ்திரியிடம் வந்தான்.

"அண்ணே, இங்க குடிவரப் போறது இவங்கதானா?"

"தரை போட விட்டா வருவாங்க" என்றார் மேஸ்திரி.

"எத்தனை மாசமா வேலை நடக்குது?"

"ஒரு வருஷம் ஆச்சு. காசு வந்தா நடக்கும், வராட்டி நிக்கும்."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போனை எடுத்து எண்ணை அழுத்தினான். வாத்தியார் உறையை இறுகப் பிடித்தார். மறுமுனையில் எடுத்ததும் அவன் சொன்னான்:

"முதலாளி, பயப்படாமக் கடையைத் தொறங்க. இவரு வரி ஆபீசர் இல்ல. நெசமாவே வீடுதான் கட்டறாரு!"