படவேடு பஸ்ஸில் அம்மை

“பசங்க எந்த ஸ்கூல்?”

முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்ட பெண்ணின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மடியில் ஃபைல் வேறு. சுபலட்சுமி பிள்ளைகள் இரண்டையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் கண்ணுக்கு அட்டை மாட்டியவர்களெல்லாம் கல்வி ஆபீசர்.

மகன் ஹேமநாத்தும் மகள் ரேணுவும் எந்தப் பள்ளிக்கும் போவதில்லை. ஆரணியில் வீட்டிலேயே அவள்தான் பாடம் நடத்துகிறாள். பட்டுச்சேலை வியாபாரம் பார்க்கும் கணவன் தமிழ்வாணன் அரை மனதோடுதான் சம்மதித்திருந்தான். “எவனாவது ஆபீசர் வந்து ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலன்னு கேட்டா, மறுநாளே கொண்டுபோய்ச் சேத்துடுவேன்” என்பது அவன் போட்ட நிபந்தனை. அதற்குப் பயந்தே அவள் பள்ளி நேரத்தில் பிள்ளைகளைத் தெருவில் விடுவதில்லை. இன்றைக்குத்தான் துணிந்து முதல் ஃபீல்டு ட்ரிப். படவேட்டுக்குப் போய் மலையடிவாரத்தில் பாறையும் செடிகொடியும் பார்ப்பதாகத் திட்டம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

“காய்ச்சல்ங்க. அதான் அனுப்பல” என்றாள், கேட்டது ஒன்றும் சொன்னது ஒன்றுமாக.

அந்தப் பெண் விழித்தாள். “எங்க அனுப்பல?”

குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள் சுபலட்சுமி.

“எனக்கு ஏதும்மா காய்ச்சல்?” என்றான் ஹேமநாத். உண்மையே பேச வேண்டும் என்று அவனுக்குப் பாடம் நடத்தியதும் அவள்தான். “ஆன்ட்டி, நாங்க மலையில பாறை பாக்கப் போறோம்.”

“காய்ச்சலோட மலைக்கா?”

சுபலட்சுமியின் மூளை நின்றுவிட்டது, வாய் மட்டும் ஓடியது. “கோயிலுக்குங்க. ரெண்டு பேருக்கும் அம்மை போட்டிருக்கு. அதான் ரேணுகாம்பாள் கோயிலுக்கு...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரை வைத்துப் பொய் சொல்லிவிட்டாள்! அதுவும் அந்த அம்மன் வாசலுக்கே போகும் பஸ்ஸில். நிஜமாகவே போட்டுவிட்டால்? தாயே, வாய் தவறிடுச்சு, எனக்கு என்ன வேணா குடு, பிள்ளைங்களை விட்டுடு என்று மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் பக்கத்து சீட்டுகள் காலி. பாதிப் பேர் பின்னால் நகர்ந்தார்கள், மீதிப் பேர் கும்பிட்டார்கள். பூக்கார முனியம்மாள் கூடையோடு வந்து, ரேணுவின் காலைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, ஒரு முழம் பூவை மடியில் வைத்தாள்.

“ஆத்தா வந்துகினு கீறா. டிரைவரு, வண்டிய ஜல்தியா வுடு!”

சந்தவாசல் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது. யாரோ இறங்கி வேப்பிலை ஒடித்து வந்தார். கண்டக்டரே அதை வாங்கி ஜன்னல் கம்பியெல்லாம் செருகினார். பூவும் வேப்பிலையுமாக உட்கார்ந்திருந்த ஐந்து வயது ரேணு, “அம்மா, இதுவும் பாடமா?” என்று கேட்டாள்.

அட்டைக்காரப் பெண் எழுந்து வந்தாள். “பயப்படாதீங்க. என் பேரு பானுப்ரியா, ஹெல்த் நர்ஸ். பசங்க சட்டையைத் தூக்குங்க, பாத்துடறேன்.”

கல்வி ஆபீசர் இல்லை என்றதும் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸ் என்பது உறைத்ததும் மறுபடி போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

“தொடக் கூடாதுங்க. ஆத்தா கோவிச்சுக்குவா.”

“பஸ் பூரா பரவிடுமேங்க! ஆஸ்பத்திரிக்குச் சொல்லி உங்க தெருவுல வீடு வீடா செக் பண்ணணும். வீட்டுக்காரர் நம்பர் குடுங்க.”

சுபலட்சுமி வாயை இறுக மூடிக்கொண்டாள். ஹேமநாத் மூச்சு விடாமல் அப்பாவின் நம்பரை ஒப்பித்தான். தொலைந்துபோனால் உதவும் என்று மனப்பாடம் செய்ய வைத்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

“ரிங் போகுது” என்றாள் பானுப்ரியா.

தமிழ்வாணன் எடுத்துவிட்டால் தீர்ந்தது. நாளைக்கே சீருடை தைக்க அளவெடுப்பான்.

“கட் பண்ணுங்க! உங்க கால்ல விழறேன், கட் பண்ணுங்க!” என்று சுபலட்சுமி அலறினாள். “அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவங்க ஸ்கூலுக்கே போறதில்லைங்க. வீட்ல நான்தான் சொல்லிக் குடுக்கறேன். ஸ்கூல் நாள்ல பசங்களைக் கூட்டிகினு சுத்தறியேன்னு கேட்டுடுவீங்களோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்!”

போன் கட்டானது. நர்ஸ் கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டர் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தார்.

முனியம்மாள்தான் ரேணுவின் மடியிலிருந்த பூவைத் திரும்ப எடுத்துக் கூடையில் போட்டபடி கேட்டாள்:

“ஏம்மா, மழ வருதோ இல்லியோ, மழன்னு சொல்லி இன்னிக்கு ஜில்லா பூரா ஸ்கூலுக்கு லீவு வுட்டுட்டாங்களே, உனுக்குத் தெரியாதா?”