ரன்டைம் மாற்றிய நாளும் நிரோஜாவும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பழுதாக்குவதற்கும் படிப்பு வேண்டும். எனக்கு அது நாலு வருடப் பட்டமாகக் கிடைத்தது.

கிளிநொச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் சேர்ந்த புதிது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் விதைக்கும் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். நாளைக்கு யாருடைய வயலுக்குத் தண்ணீர் முறை என்பதை அது ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பும். அந்த மென்பொருள் ஓடுவதற்கான அடித்தளத்துக்கு ரன்டைம் என்று பெயர். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையை என்னிடம் தந்தார்கள். மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பில்ட் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றினேன். என் மடிக்கணினியில் அழகாக ஓடியது. (அவ்வளவுதான் வேலை என்று நம்பினேன்.)

அமைப்பின் அலுவலகத்தில் போய் இறங்கியதும், "பத்து நிமிசம் காணும்," என்றேன். முதல் வேலையாகப் பழையதையெல்லாம் அழித்தேன். புதியதைப் போட்டேன். ஓடவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்தது. மூடினேன். திரும்பவும் நிறுவினேன். திரும்பவும் பெட்டி.

அங்கே தரவு பதியும் நிரோஜா என் வயதுக்காரி. விசுவமடுவிலிருந்து ஸ்கூட்டியில் வருபவர். "சேர், அந்தப் பெட்டியில என்னவோ எழுதிக் கிடக்கு," என்றார்.

"அது சும்மா வாறது. பயப்பிடாதேங்கோ."

பயந்துகொண்டிருந்தது நான்தான். அமைப்பின் செயலாளர் எட்டிப்பார்த்து, "தம்பி, மத்தியானத்துக்குள்ள முறையை அறிவிக்காட்டி நாளைக்கு வாய்க்காலடியில சண்டைதான்," என்றார். நான் வைரஸ் என்றேன். மின்சாரம் சரியில்லை என்றேன். (கணினியை ஒருமுறை தட்டியும் பார்த்தேன்.)

நிரோஜா முறைப்பட்டியலின் அச்சுப்பிரதியை எடுத்து, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லத் தொடங்கினார். நாற்பத்தொரு பேர். குரலில் பதற்றமே இல்லை. துணுக்காய்க்கு மகளைப் பார்க்கப் போயிருந்த ஒருவரைக்கூட விசாரித்துப் பிடித்தார். எல்லாம் முடித்து, என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சேர், இந்த முறை மூடாதேங்கோ." திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது எக்ஸ் எண்பத்தாறு வேணுமெண்டு கேக்குது. நீங்கள் இறக்கினதில எக்ஸ் அறுபத்திநாலு எண்டெல்லோ கிடக்கு. ரெண்டும் ஒண்டோ?"

ஒன்றல்ல. குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி பழைய 32-பிட் வகை; அதற்கேற்ற எக்ஸ் எண்பத்தாறு ரன்டைம்தான் வேண்டும். என் மடிக்கணினியில் இரண்டும் இருந்ததால் அங்கே தெரியவில்லை. பில்ட் கோப்பில் நான் மாற்றிய வரிக்கு இரண்டு வரி கீழே அது தெளிவாக எழுதியிருந்தது. சரியானதை இறக்கினேன். உடனே ஓடியது.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"அதில எழுதிக் கிடந்தது, சேர்."

அதில் நக்கல் துளியும் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

நடந்ததை எங்கள் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். அடுத்த மாதமே அவர் நிரோஜாவை மென்பொருள் சோதனையாளராக, எனக்குப் பக்கத்து மேசைக்கே வேலைக்கு எடுத்துவிட்டார். இன்று அவர் "ஓம்" சொல்லாமல் என்னுடைய பில்ட் ஒன்றும் வெளியே போகாது. போகவும் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயமும்.

இதை வீட்டிலும் சொன்னதுதான் நான் விட்ட அடுத்த பிழை. கைபேசியில் ஏதும் சிக்கல் என்றால் அம்மா இப்போதும் வேலை நேரத்தில் என்னைத்தான் அழைப்பார். "என்னம்மா காட்டுது?" என்று கேட்பேன்.

"உனக்குச் சொல்லி என்ன. போனை அந்தப் பிள்ளையிட்ட ஒருக்காக் குடு."