சோர்ஸ் சாரும் பச்சை கம்பெனி போனும்

இந்தியாவில் எந்தப் புது செல்போன் விற்பனைக்கு வந்தாலும், அதைப் பற்றிய தவறான தகவல் ஒரு மாதம் முன்னதாகவே தாம்பரத்துக்கு வந்துவிடும். கொண்டுவந்து சேர்ப்பவர் சோர்ஸ் சார். அவர் சொன்னதில் ஒன்றாவது பலித்ததா என்று கேட்டால், பழகிய தோஷத்துக்காகக்கூட என்னால் ஆமாம் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்ன ஒவ்வொன்றையும் மனிதர் மனதார நம்பினார். அப்படிப்பட்ட ஆள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் அனுபவித்தேன். பல்லாவரத்தில் தோல் பை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நானும் அவரும் அக்கவுண்ட்ஸ் பிரிவு. அவருடைய அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும்தான் வரும். மற்றபடி கேட் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் சோர்ஸ் சார்தான். எதைச் சொல்வதானாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என் சோர்ஸ் என்ன சொல்றார்னா..." என்று ஆரம்பிப்பார். தாழ்த்திய அந்தக் குரல் மின்சார ரயிலில் அடுத்த பெட்டிக்குக் கேட்கும்.

அவருடைய துறை ஒன்றே ஒன்றுதான். வரப்போகிற போனை எந்த சிம் கம்பெனி மொத்தமாக வளைத்துப் போட்டிருக்கிறது என்பது. அரசியல், சினிமா, கிரிக்கெட் எதிலும் மூக்கை நுழைக்க மாட்டார்.

"சார், புது போன் வருது. ஆனா கடைல கிடைக்காது. ஒரே ஒரு கம்பெனிதான் விக்கப் போறான். அவன் சிம் போட்டாத்தான் ஆன் ஆகும். வேற சிம் போட்டீங்கன்னா அது போன் இல்ல, செங்கல்."

"யாரு சார் சொன்னாங்க?"

"சோர்ஸ்."

அந்த சோர்ஸ் யார் என்று துருவினால்தான் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு விளம்பரப் பலகைக்கு வெள்ளை அடித்திருப்பார்கள். "புரியுதா சார்? பெரிய டீல் முடிஞ்சிருக்கு, அதான் எடத்தைக் காலி பண்ணி வெச்சிருக்கான்." சிம் கம்பெனிக் கடைக்கு ஏசி ரிப்பேர்காரர் வந்திருப்பார். "ஸ்டாக் இறங்கப் போகுது. போன் சூடாகக் கூடாதுல்ல!"

இவ்வளவு பேசுகிறவர் கையில் வைத்திருந்தது ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பட்டன் போன். ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு அவர் முகம் கடுமையாகிவிட்டது. "நாளைக்கு நான் ஒரு போன் வாங்கினேன்னா, அந்தக் கம்பெனி பக்கம் சாஞ்சுட்டேன்னு பேசுவாங்க சார். நியூஸ் சொல்றவன் நடுநிலையா இருக்கணும்."

அவர் பேச்சை நம்பியவர்கள் பலர். எங்கள் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கும் மூர்த்தி அதில் முதல் ஆள். ஏதோ ஒரு போன் ஒரே கம்பெனி மூலமாகத்தான் வரும் என்று சோர்ஸ் சார் சொன்னதைக் கேட்டு, முந்திக்கொண்டு நம்பரை அந்தக் கம்பெனிக்கு மாற்றினார். போன் வரவில்லை. மூர்த்தியின் மாடம்பாக்கம் வீட்டில் அந்தக் கம்பெனியின் சிக்னலும் வரவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் மட்டும் கொஞ்சம் வரும். மூர்த்தி சண்டைக்கு வருவார் என்று நாங்கள் காத்திருந்தோம். வந்தார், கையில் ஸ்வீட் பாக்ஸோடு. மாமியார் போன் வந்து பல நாள் ஆகிறதாம். வீட்டில் இவ்வளவு நிம்மதியைத் தான் பார்த்ததே இல்லை என்று சோர்ஸ் சார் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நாங்கள் தினமும் வேலைக்குப் போகும் மின்சார ரயில் தாம்பரத்தில் கிளம்பி பீச் வரை போகும். நாங்கள் பல்லாவரத்தில் இறங்கிவிடுவோம். அவர் சொன்ன செய்தி இறங்காது. அது மாம்பலம், எழும்பூர் என்று ஊர் சுற்றி, போகிற இடத்தில் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு, சாயங்கால வண்டியில் திரும்பி வரும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை சோர்ஸ் சாரிடமே சொல்வார். உடனே என் தொடையில் ஒரு தட்டு விழும். "பார்த்தீங்களா சார்? கன்ஃபார்ம் ஆயிடுச்சு!" காலையில் தான் பெற்று அனுப்பிய பிள்ளையைச் சாயங்காலம் அடையாளம் தெரியாமல் தூக்கிக் கொஞ்சுகிற மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"சார், இது நீங்க காலைல சொன்னதுதான் சார்."

"நான் சொன்னது அடுத்த மாசம். இவர் இந்த மாசம்ங்கறார். கவனிச்சீங்களா? டீடெயில் ஜாஸ்தி. இவர் சோர்ஸ் வேற."

தலையில் அடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே பெண் ஜெனிக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஃபீஸ், டிக்கெட் எல்லாம் பேங்க் லோன். அப்பாவாகத் தன் கையால் வாங்கித் தர வேண்டும் என்று சோர்ஸ் சார் பிடிவாதமாக வைத்திருந்தது ஒரே ஒரு பொருள், நல்ல போன். ஜெனியின் பழைய போன் சார்ஜரை விட்டுப் பிரிந்தால் உயிரை விட்டுவிடும். அவள் கேட்ட மாடல் தாம்பரத்தில் எல்லாக் கடையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. போய் வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் போகவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒருவன் அந்த மாடலுக்கு உறை விற்பதைப் பார்த்துவிட்டார். உறை எல்லாம் பச்சை நிறம். ஒரு சிம் கம்பெனியின் நிறமும் பச்சை.

"கொஞ்சம் பொறும்மா. பச்சை கம்பெனி இந்த போனை மொத்தமா எடுத்துட்டான். முன்பணமே வேணாம். மாசாமாசம் பிளான்ல கழிச்சுப்பான். அவன் சிம் மட்டும்தான் போடணும், அவ்ளோதான்."

"அப்பா, நான் போறது அமெரிக்கா. பச்சை கம்பெனி சிம்மை அங்க வெச்சு என்னப்பா பண்றது?"

"அங்கயும் அவன் டை-அப் வெச்சிருப்பான்மா."

ஜெனி பிறந்ததிலிருந்து அவரோடு இருப்பவள், சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. "தெரியாத ஊர்ல போய் எறங்கினதும் நம்மகிட்ட எதுல பேசுவா? உங்க சோர்ஸ்லயா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்களாம். சோர்ஸ் சாரே என்னிடம் சொன்னார், கொஞ்சம் கலங்கித்தான் போயிருந்தார்.

ஜெனி கிளம்புவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். வண்டியில் எங்கள் எதிரே மாம்பலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

"பச்சை கம்பெனி போன் நாளைக்கு இறங்குதாம் சார். தாம்பரத்துல ஒரு பெரியவர் இருக்காராம். போன் டிபார்ட்மென்ட்ல பெரிய கை. அவர் சொன்னா சொன்னதுதானாம்."

சோர்ஸ் சார் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம தாம்பரத்துலயா? இவ்ளோ பெரிய ஆளு, எனக்குத் தெரியாம போச்சே சார்!" நான் வாயைத் திறப்பதற்குள் தொடையில் தட்டு விழுந்தது.

மறுநாள் காலையிலேயே என் வீட்டு வாசலில் அவர் ஸ்கூட்டர் ஹார்ன். அன்று ராத்திரி பெண்ணுக்கு விமானம். "வாங்க சார், அந்தப் பெரியவரைப் பிடிச்சு எந்தக் கடைல இறக்கறான்னு கேட்டுடுவோம்."

"நேரா கடைக்குப் போய் வாங்கிடலாம் சார்."

"இத்தனை நாள் பொறுத்துட்டு கடைசி நாள்ல கோட்டை விடச் சொல்றீங்களா?"

ஸ்கூட்டரைத் தாம்பரம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலில் மாம்பலம் போனோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கடைக்குக் கடை அதே போன் தொங்காத குறையாக இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். "சார், டைவர்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கண்ணாடிக் கடைக்காரர், தனக்குச் சொன்னது கிண்டி ஸ்டேஷன் வாசல் டீ மாஸ்டர் என்றார். கிண்டி போனோம். டீ மாஸ்டர், தான் தினமும் தாம்பரத்தில்தான் வண்டி ஏறுவதாகவும், அங்கே படிக்கட்டுப் பக்கம் கொய்யாப்பழம் விற்கும் அக்காதான் சொன்னார் என்றும் சொன்னார். மறுபடி தாம்பரம். வெயிலில் வெந்து போய் இறங்கினோம். சோர்ஸ் சார் மட்டும் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கூடைக்கு முன்னால் போய் நின்றார்.

"அக்கா, பச்சை கம்பெனி போன் விஷயம் உங்களுக்குச் சொன்ன பெரியவர் யாரு? எங்க இருக்கார்?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், வெளாடுறியா? நீதான் சொன்ன! இங்கதான நின்னுகினு சொன்ன! மொளகாத்தூள் ஜாஸ்தியா போடச் சொல்லிட்டு, காதாண்ட வந்து சொன்னியே. நான்தான் டீக்கட அண்ணனாண்ட சொன்னேன்."

"அந்த டிபார்ட்மென்ட்ல பெரிய கைன்னு..."

"பின்ன? கழுத்துல அட்ட மாட்டிகினு கீற, பாக்கெட்ல ரெண்டு பேனா சொருவிகினு கீற. பெரிய ஆளுன்னு நென்ச்சேன். இல்லியா?"

சோர்ஸ் சார் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே திரும்ப வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நாளைக்கே வருதுன்னு நானாக்கா சொன்னேன்?"

"அத்த நீ சொல்லல. அது அண்ணன் சேத்துகினு இருப்பாரு."

இவர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார், கேட்டுச் சிரித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப போன் வரலியா சார்?" என்று என்னிடம் கேட்டார். அந்த மனிதர் இன்னொருவரிடம் செய்தி கேட்டு நான் பார்த்தது அன்றுதான். "வாங்க சார், கடைக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சண்முகம் ரோட்டுக்கு ஓடினேன்.

கடைக்காரர் அந்த மாடல் பெயரைக் கேட்டதுமே வெடித்தார். "அதைக் கேக்காதீங்க சார்! எவனோ ஒருத்தன் கிளப்பி விட்டுட்டான், பச்சை கம்பெனி மட்டும்தான் விக்கப் போறான்னு. தாம்பரத்துல ஒருத்தரும் வாங்கல. ஏஜென்சிக்காரன் நேத்துதான் மொத்த ஸ்டாக்கையும் வேலூருக்கு அனுப்பிட்டான். கிளப்பி விட்டவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும் சார்..."

அவன் கடைக்காரருக்கு ஒரு முழம் தள்ளி நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மற்ற கடைகளிலும் இதே கதைதான். திரும்ப மாம்பலம் போக நேரமில்லை, பெட்டி கட்ட வேண்டும், ஜெபம் பண்ண உறவுக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு பவர் பேங்க் வாங்கினார். பழைய போனோடு அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜெனி விமானம் ஏறினாள். "அங்க போய்ப் பாத்துக்கலாம், விடுப்பா" என்றுதான் சொன்னாளாம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு ரயிலில் சோர்ஸ் சார் பேசவே இல்லை. ஜெனியின் போன் போன இடத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கூடத் தங்கியிருக்கும் பெண்ணின் போனில் எப்போதாவது அம்மாவிடம் இரண்டு வார்த்தை, அதுவும் இவர் ஆபீஸில் இருக்கும் நேரத்தில். "சோர்ஸ் என்ன சார் சொல்றாங்க?" என்று யாராவது சீண்டினால், "ஒண்ணும் சொல்லல" என்பார். இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் செய்தே அலுவலகம் போய்ச் சேர்ந்த நாங்கள், அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அமைதியை என்னால் சகிக்க முடியவில்லை. ஒரு நாள் நானே குரலைத் தாழ்த்தி, "சார், மஞ்சள் கலர்ல ஒரு கம்பெனி புதுசா போன் கொண்டுவரானாம்..." என்று ஆரம்பித்தேன்.

"கன்ஃபார்ம் ஆகாம எதையும் சொல்லாதீங்க சார்" என்றார். எனக்குத் தேவைதான்.

பிறகு ஒரு சாயங்காலம், பல்லாவரத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய பட்டன் போன் அடித்தது. அதில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் எப்போதோ போய்விட்டது. ஸ்பீக்கரில்தான் பேச முடியும்.

"அப்பா! ஜெனி பேசறேன். புது போன் வாங்கிட்டேன்ப்பா! நீ சொன்னது அப்படியே நடந்துச்சுப்பா. இங்க சிம் கம்பெனிக்காரனே போன் தர்றான். முன்பணமே இல்ல. மாசாமாசம் பிளான்ல கழிச்சுக்கறான். கட்டி முடிக்கற வரைக்கும் வேற சிம் போட்டா வேலையே செய்யாதாம். இனிமே தினம் பேசலாம்ப்பா!"

பெட்டியே கை தட்டியது. மூர்த்தி விசில் அடித்தார். நான் என் தொடையைத் தயாராக வைத்துக்கொண்டேன். தட்டு விழவில்லை. சோர்ஸ் சார் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கலம்மா" என்றார். "ரயில் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

வண்டி குரோம்பேட்டையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

ஜெனி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். நாங்களும் மறுபடியும் கை தட்டினோம்.