ஏசியைக் குறைப்பது எப்படி

"என்னங்க, பல்லு தந்தியடிக்குது. அந்த ஏசியக் கொறைங்க" என்றாள் தேவயானி.

சுந்தரலிங்கம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அல்லிநகரத்துக் கல்யாண மண்டபத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதே வேலைதான். சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கும் அவர், போன வாரம்தான் பழைய காரைக் கொடுத்துவிட்டு ஏழு பேர் உட்காரும் புது வண்டி வாங்கியிருந்தார். பழைய காரில் ஏசிக்கு ஒரு திருகு உண்டு. கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே கையால் தடவித் திருகிவிடலாம். இதில் திருகும் இல்லை, பொத்தானும் இல்லை. நடுவில் டிவி மாதிரி ஒரு ஸ்கிரீன். எல்லாம் அதற்குள்.

குனிந்து விரலை வைத்தார். காற்று இரண்டு மடங்காக அடித்தது. தேவயானியின் மல்லிகைச் சரம் பறந்து வாயில் விழுந்தது.

"ஏத்திவிட்டுட்டீக!"

"மேல போற அம்பும் கீழ போற அம்பும் ஒண்ணாட்டம் இருக்கு. வண்டி குலுங்கயில விரலு எங்கன போயி விழும்?"

"வண்டிய ஆஃப் பண்ணாமலே பந்திக்கு வந்த ஆளுதான நீங்க? நாம வந்து ஏறயில ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு!"

"புது மாடல்டி. சாவியோட பக்கத்துல வந்தாலே தானா ஸ்டார்ட் ஆயிரும்." சேல்ஸ்மேன் அப்படி ஏதோ சொன்னதாக அவருக்கு ஞாபகம்.

காலையில் இடிக்காத ஸ்டியரிங் இப்போது வயிற்றில் இடித்தது.

"ரெண்டு டம்ளர் பாயாசம் குடிச்சா இடிக்காம என்ன செய்யும்?" என்றாள் அவள்.

சீட்டைப் பின்னால் தள்ளலாமென்று, ஸ்கிரீனில் சீட்டுப் படம் போட்டிருந்த இடத்தை அமுக்கினார். சீட்டு நகரவில்லை. அதற்கடியிலிருந்தும் குளிர்காற்று வந்தது. சுந்தரலிங்கம் நெளிந்தார்.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்." தேவயானி ஒரு குத்து குத்தினாள். மலையாளப் பாட்டு ஒன்று வண்டியே அதிரும்படி கிளம்பியது.

"நீங்க எப்பருந்து மலையாளப் பாட்டு கேக்குறீக?"

"நான் எங்க கேட்டேன்? குமுளிப் பக்கத்து ரேடியோவ இழுக்குது போல!"

"யாரு பாடுறதுன்னாச்சும் சொல்லுங்க!"

"அடியே, மொதல்ல சத்தத்தக் கொறைக்க விடு!"

சத்தத்தைக் குறைப்பதும் ஸ்கிரீனுக்குள்தான். மறுபடி குனிந்தார். இருந்த படமெல்லாம் மறைந்து பொடி எழுத்தில் ஏதோ வந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வண்டி ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், படித்துவிட்டால் 'சரி' என்ற இடத்தைத் தொடுங்கள் என்றிருந்தது.

"இதப் படிக்கத்தாண்டா பாத்துக்கிட்டு இருக்கேன்!" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினார்.

"ஆத்தா! ஆடு!" என்று அலறினாள் தேவயானி.

வீரபாண்டி தாண்டி ரோடு நிறைய செம்மறி ஆடுகள். காலில் இருந்த பலமெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தார். பின்னால் என்னவோ தொப்பென்று விழுந்தது. பம்பருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு குட்டி நின்று அவரைப் பார்த்தது.

"உரமூட்டை சாஞ்சிருக்கும்" என்றார்.

ஆட்டுக்காரர் கம்பால் பானட்டில் ஒரு தட்டு தட்டினார். "ஏலே, வண்டி ஓட்டுறியா, படம் பாக்குறியா? ரோட்டுல பிள்ளைக வந்தா என்ன செய்வ?"

அந்தக் கேள்வி சுந்தரலிங்கத்தின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆடுகள் கடந்ததும் வண்டியை மெதுவாக ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி, இன்ஜினை அணைத்தார். பாட்டு நின்றது. ஏசி நின்றது. தேவயானி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"இனி இதுல ஒரு எழவையும் தொடமாட்டேன். கதவத் தொறந்து போட்டுக்கிட்டாச்சும் வீடு போய்ச் சேருவோம்" என்றார்.

"உசுரோட சேந்தாப் போதும்" என்றாள் அவள்.

வண்டிக்குள் வெக்கை ஏறத் தொடங்கியது. அப்போது கடைசி சீட்டுக்குக் கீழேயிருந்து, முகத்தில் போர்த்திய துண்டோடு ஒருவர் எழுந்தார். துண்டை விலக்கி வேர்வையைத் துடைத்தார். முன்னால் இருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏசியப் போட்டுத் தூங்கு, சாப்பிட்டு வந்துர்றேன்னு எங்க மச்சான் நசீம் சொல்லிட்டுல்ல போனாரு... அவரு வண்டில நீங்க யாரு?"