ராணி கலருக்குப் பக்கத்தில்

இனி என் மனைவி எந்த ஓவியனோடும் பேசக் கூடாது என்று நான் தீர்மானம் போட்டது ஒரு வியாழக்கிழமை. தீர்மானம் பெரிது, வீடு சின்னது. வாய்க்குள் முணுமுணுத்ததே அவள் காதில் விழுந்துவிட்டது.

நான் செல்வம். லிஃப்ட் மெக்கானிக். செம்பூரில் முப்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போதுகூட எனக்குக் கை நடுங்கியதில்லை. தாராவி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது விஜயராணி "அஷ்வத் சார்" என்று ஆரம்பித்தால் தட்டே நடுங்கும்.

அவளுக்கு மாட்டுங்காவில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை. சேலையைக் காட்டினால் போதும், ஒத்துப்போகிற ஜாக்கெட் துணியைக் கண்ணாலேயே அளந்து எடுத்துப் போடுவாள். அந்தக் கடைச் சுவர் முழுக்கத் துணி ரோல்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். மாம்பழக் கலர், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயத்தோல் என்று மேலிருந்து கீழே பட்டை பட்டையாக. அதைப் பார்க்கத்தான் வாராவாரம் அந்த அஷ்வத் வந்து நிற்கிறான். ஓவியனாம். ஆள் வரைய மாட்டானாம், மரம் வரைய மாட்டானாம். ஆள் உயரத் துணியில் நெட்டுக்கு ஒரு கலர் பட்டை, பக்கத்தில் இன்னொரு கலர் பட்டை. அவ்வளவுதான் படம். நெட்டுக்குக் கோடு போட்டால் எங்கள் ஊரில் அதற்கு நாமம் என்று பேர். யாருக்குப் போடுகிறான் என்பதுதான் என் கவலை.

"எதுக்குட்டி வாரான் அவன்?"

"கலர் பாக்கதுக்கு."

தட்டைத் தள்ளி வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நின்று நானும் நிறையக் கலர் பார்த்தவன்தான்.

"எந்தக் கலரை?"

"எல்லாக் கலரையுந்தான். 'மஞ்சளுக்குப் பக்கத்துல ஊதாவை நிறுத்துங்கக்கா'ம்பாரு. நிறுத்துவேன். ரெண்டும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்தும். நடுவுல ஒரு சாம்பக் கலரை நிறுத்துனா அடங்கிரும். 'அக்கா, ஒங்க கண்ணு எனக்கில்ல'ன்னு சொன்னாரு."

"அக்கான்னா கூப்பிடுதான்?"

"பெறவு, ஆத்தான்னா கூப்பிடுவாரு?"

அக்கா என்றது கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவள் கண்ணைப் பற்றிப் பதினாலு வருஷத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எவனோ சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"நானுந்தான் லிஃப்டுல தெனமும் செவப்பு லைட்டு, பச்சை லைட்டு பாக்கேன். எவனாவது என் கண்ணைப் பத்திப் பேசுனானா?"

"அது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

மறுநாள் பக்கத்து வீட்டு அன்னமேரி எண்ணெய் ஊற்றினாள்.

"அண்ணே, ஒங்க வீட்டுக்காரி பேருல படமே போட்டிருக்காராம்லா அந்தச் சார்! ஞாயித்துக்கிழமை மாட்டுங்கா ஹால்ல வைக்காவளாம். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கொழுந்துவிட்டு எரிந்தேன். விஜயராணியை நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"ஒன் பேருல படமா?"

"ஆமா."

"நீ அந்த ஹாலுக்குப் போவக் கூடாது."

"சரி, போவல. நீங்களும் போவாதிய."

பதினாலு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் நெருளில் ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாகச் சொன்னேன். "பாவம், உள்ள ஆளு இருக்கோ என்னமோ, ஓடுங்க" என்றாள். தொப்பி, கூலிங் கிளாஸ் இரண்டையும் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். நெருளுக்குப் போகிறவன் மாதிரித் தெரிய வேண்டுமே, ஸ்டேஷன் வரை போய்ச் சுற்றி வளைத்து ஹாலுக்குப் போய்ச் சேர்ந்து, வாசலில் தொப்பியையும் கிளாஸையும் மாட்டிக்கொண்டேன். படம் வாங்க வந்த பணக்காரனாக நடித்து, பேரை மாற்றவைப்பது என் திட்டம்.

உள்ளே எட்டடி உயரத்தில் இருந்தது அந்தப் படம். கண் இல்லை, மூக்கு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே ராணி கலர். இடது ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு மண் கலர்ப் பட்டை. கீழே 'விஜயராணி' என்று எழுதியிருந்தது. சிரிக்கலாம் என்றுதான் கிட்டே போனேன். சிரிப்பு வரவில்லை. பார்க்கப் பார்க்க அந்த ராணி கலர் சுவரை விட்டு என் பக்கம் வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தால் வீடு இப்படித்தான் ஆகும். அது இவனுக்கு எப்படித் தெரிந்தது? வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

தாடி வைத்த ஒருத்தன் பக்கத்தில் வந்து நின்றான். கழுத்தில் அஷ்வத் என்று அட்டை தொங்கியது.

"நான் அமிர்தநாதன். நெருள்ல இருந்து வாரேன்" என்றேன் கனமான குரலில். "படம் பிரமாதம். பேருதான் சரியில்ல. பேரை மாத்துனா நானே எடுத்துக்கிடுதேன்."

"பேரை மாத்தணும்னா அக்காவைத்தான் கேக்கணும், செல்வம் அண்ணே."

கூலிங் கிளாஸ் மூக்கிலிருந்து வழுக்கியது.

"தம்பி, எப்படி..."

"அக்கா சொன்னாங்க. 'வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டாரு. போகாதீங்கன்னு சொல்லியிருக்கேன், மொத ஆளா வந்து நிப்பாரு'ன்னு."

பின்னாலிருந்து இரண்டு கிளாஸ் டீயோடு விஜயராணி வந்தாள்.

"லிஃப்டு சரியாயிட்டா?"

"ஏட்டி! நீ வர மாட்டேன்னு சொன்னேல்லா?"

"நீங்கதான் நெருளுக்குப் போயிட்டியளே. வீட்டுல ஒத்தையில இருந்து என்ன செய்ய?"

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. "ஓரத்துல அது என்ன தம்பி, மண்ணு கலரு? அழுக்கா?"

"ஐயோ, அண்ணே! படத்தைத் தாங்குறதே அதுதான். வெறும் ராணி கலரா இருந்தப்ப கண்ணைக் கூசிச்சு. ஒரு மாசம் முழிச்சேன். அக்கா வந்து பாத்துட்டு, 'ஓரத்துல மண்ணு கலர்ல ஒரு பட்டை இழுங்க, நின்னுரும்'னாங்க. இழுத்தேன், நின்னுடுச்சு. கடையில கத்துக்கிட்டீங்களான்னு கேட்டேன். 'இல்ல, வீட்டுல'ன்னாங்க."

விஜயராணியைப் பார்த்தேன். அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி... அது நானா?"

"பெறவு யாராம்?"

எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எட்டடி உயரத்தில், ஏசி ஹாலில், அவளை ஒட்டி நான் நிற்கிறேன்! நெஞ்சு விரிந்தது. அப்போதுதான் அந்த விரல் அகலம் உறுத்தியது. அஷ்வத்தின் தோளில் கையைப் போட்டேன்.

"தம்பி, அந்தப் பட்டையை மட்டும் இன்னும் ஒரு சாண் அகலமாக்கிரலாமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் விஜயராணி சொன்னாள்:

"வேண்டாம் சார், கொஞ்சம் எடம் குடுத்தா, படமே தாந்தான்னு நெனச்சிரும்."