பவளராணிக்கு மூன்று பிரிவு உபசாரம்

உலகத்தில் வரவேற்கிறவர்கள் ஓர் இனம், வழியனுப்புகிறவர்கள் ஓர் இனம். முதல் இனத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லிவிட்டு காபி போட உள்ளே போய்விடுவார்கள். இரண்டாவது இனம் இருக்கிறதே, அதனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எதிரே இருக்கிற வரைக்கும் எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. கிளம்புகிறது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரிசையில் வந்து நின்றுவிடும்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இருபது வருஷமாக "இந்த ஓட்டல் சாம்பார்ல கைதான் கழுவலாம்" என்று திட்டித் தீர்த்துவிட்டு, ஓட்டலை மூடுகிற அன்றைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்து, அதே சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றி, முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு "இனிமே இப்படி ஒரு சாம்பார் வருமா?" என்று விம்முவாரே, அவர்தான். வராது. வரக்கூடாது என்றுதானே ஐயா மூடினார்கள்?

தூத்துக்குடியில் இந்த இனத்தின் அசல் பிரதி தேவபிரசாதம் அண்ணாச்சி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுரைக்குப் போகிற மைத்துனனை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மக்ரூன் பொட்டலத்தைக் கையில் திணித்து, "தண்ணி மாத்திக் குடிக்காதலே, தலைய வெளிய நீட்டாதலே" என்று பாடம் நடத்தி, வண்டி நகர ஆரம்பிக்கிற அந்தப் புனிதமான நொடியில், "ஏலே, வீட்டுச் சாவிய எடுத்தியா?" என்று கேட்பார். மைத்துனன் கோவில்பட்டி வரைக்கும் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டே போவான். சாவி அவன் இடுப்பில்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கப்பலே கிளம்புகிறது என்று செய்தி கிடைத்தால் என்ன ஆகும்?

பவளராணி என்று ஒரு பயணிகள் கப்பல். ஒரு காலத்தில் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய் வந்தது. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் அதில் போகாத மாப்பிள்ளை கிடையாது, அதில் வந்திறங்காத சோப்பும் சென்ட் பாட்டிலும் கிடையாது. ஊரே அதன் மேல் உயிராக இருந்தது. பிறகு எல்லாரும் விமானத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். ஓய்வு கொடுக்கப்பட்ட பவளராணி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுத் துருப்பிடித்துக்கொண்டு சும்மா நின்றது. நம் அண்ணாச்சி தினமும் சாயங்காலம் பீச் ரோட்டில் உட்கார்ந்து, கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கடலை கொறித்தார். ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

கப்பலை விற்றாகிவிட்டது, உடைப்பதற்காகக் குஜராத் பக்கம் இழுத்துப் போகப் போகிறார்கள் என்று காலைப் பேப்பரில் வந்தது. அண்ணாச்சிக்கு இட்லி இறங்கவில்லை.

"ஏளா டயானா! பவளராணி போகுதாம்ளா! எத்தன நாள் அதுல கால் வச்சிருப்பேன்!"

சட்னிப் பாத்திரத்தோடு வந்த மனைவி டயானா நின்று பார்த்தாள். "நீங்க எப்ப கால் வச்சீய? படகுத்துறையில நின்னு கைய ஆட்டிட்டு வருவீய, அம்புட்டுதான். நான்தான் சின்னப்பிள்ளையில எங்க அப்பா கூட கொழும்புக்குப் போனேன்."

"அது கெடக்கட்டும். இனிமே இப்படி ஒரு கப்பல் வருமா?"

டயானா கொழும்புக்குப் போனது அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். எப்படிப் போனாய், என்ன பார்த்தாய் என்று அவர் கேட்டதில்லை. கேட்பதற்கு அவள் எங்கேயாவது கிளம்பினால்தானே? வீட்டிலேயேதான் இருந்தாள்.

ஒரே வாரத்தில் பிரிவு உபசார விழாக் குழு தயார். தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? முதல் கூட்டத்தில் கப்பலுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானமாயிற்று. எங்கே போர்த்துவது என்று ஒருவர் கேட்டார். கழுத்தில் என்றார் தலைவர். கப்பலுக்குக் கழுத்து எது என்பதில் ஒன்றரை மணி நேரம் சண்டை நடந்து, கடைசியில் மாலை போதும் என்று முடிவாயிற்று. மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய், சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கப்பலுக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டார் அண்ணாச்சி. சாமியார் அவரை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

முதல் விழாவுக்கு பேண்டு செட் வந்தது, கோயில் பாடகர் குழு வந்தது, கவுன்சிலர் வந்தார். ஆனை படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தில் சம்பங்கி மாலை வந்தது. வராதது கப்பலை இழுக்கிற டக் படகு ஒன்றுதான். அண்ணாச்சி கரையில் நின்றபடி முக்கால் மணி நேரம் பேசி, "போயிட்டு வா தாயே!" என்று முடித்துக் கதறினார். பவளராணி அசையாமல் நின்றது.

"அண்ணாச்சி, நீங்க வா வான்னா அது எப்படிப் போவும்?" என்றான் திரேஸ்புரத்துப் படகுக்காரன் அம்புரோஸ்.

"போறவியள போன்னு சொல்லப்படாதுலே. போயிட்டு வான்னுதான் சொல்லணும். அதுதான் நம்ம வழக்கம்."

"உடைக்கப் போற கப்பல் அண்ணாச்சி. திரும்பி வந்தா பயந்துருவோம்."

இரண்டாம் விழா பத்து நாள் கழித்து. டக் வந்துவிட்டது, ஆனால் காற்று பலமாக இருந்ததால் இழுக்க அனுமதி கிடைக்கவில்லை. பேண்டு செட் கல்யாணத்துக்குப் போய்விட்டது. பாடகர் குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது, மீதிப் பேர் தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி அதே பேச்சை அதே இடத்தில் நிறுத்தி அதே இடத்தில் அழுதார். இரண்டு சுண்டல் வியாபாரிகள் மட்டும் கடைசிவரை இருந்தார்கள்.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொரு பயணமும் தயாராகிக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் இருக்கிற மகள் விஜிலாவுக்குப் பிரசவ நேரம். கூட இருக்க டயானா போகிறாள், ஆறு மாதத்துக்கு. வாழ்க்கையில் முதல் விமானம். பெட்டியை அவளே இறக்கி, அவளே துடைத்து, கருவாடும் மசாலாப் பொடியும் அவளே கட்டி வைத்தாள். ஊரில் போகிற வருகிறவனுக்கெல்லாம் கண்ணீர் விடுகிற மனுஷன், துருப்பிடித்த கப்பலுக்கு இரண்டு தடவை அழுத மனுஷன், தனக்கும் வாசலில் நின்று நாலு வார்த்தை சொல்லுவார் என்று அவளுக்கு ஓர் ஆசை. பெரிய ஆசையா? முப்பத்தைந்து வருஷம் சோறு போட்டதற்கு நாலு வார்த்தை. ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கேட்டு வாங்கினால் அது என்ன வார்த்தை?

சென்னை வழியாகப் போகிற டயானாவின் விமானம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. டக் கப்பலை இழுக்கப்போவது அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று வியாழக்கிழமை தகவல் வந்தது.

"நல்லதாப் போச்சு ஏளா! காலைல கப்பல், மத்தியானம் நீ. ரெண்டையும் பாத்துக்கிடலாம்."

"கப்பல் முதல்ல, நான் ரெண்டாவது?"

"நீ திரும்பி வந்துருவ. அது வருமா?"

டயானா பெட்டியின் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கரையில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. அண்ணாச்சி மூன்றாவது மாலையைத் தோளில் சுமந்து வந்து, அம்புரோஸின் பைபர் படகில் ஏற்றிக்கொண்டு, கப்பலின் பக்கத்திலேயே போய்விட்டார். போய்ப் பார்த்தால் மாலையை மாட்ட ஓர் ஆணிகூட எட்டவில்லை. டக் படகோ கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. பத்து மணி பதினொன்றாகி, பதினொன்று பன்னிரண்டரையாயிற்று. வெயிலில் மாலையும் அண்ணாச்சியும் ஒன்றாக வாடினார்கள்.

போன் அடித்தது. டயானா.

"கார் வந்துட்டு. கிளம்பட்டா?"

"கொஞ்சம் பொறுளா, இப்பத்தான் கயிறு கட்டுதான். இன்னும் அரை மணி நேரம்..."

"வேண்டாம். நீங்க இருந்து அனுப்பிட்டே வாங்க. நான் போயிட்டு வாரேன்."

வைத்துவிட்டாள். அண்ணாச்சி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணாச்சி?"

"டயானா. மஸ்கட்டுக்குப் போறா. ஆறு மாசம்."

"இன்னைக்கா?" அம்புரோஸ் தலையில் கை வைத்தான். "அப்ப இங்க என்ன செய்யுதீய, சவத்துத் துருவைப் பாத்துக்கிட்டு? உங்க வீட்டுல ஆளு போவுதுல்லா!"

போகுது. அந்த ஒரு வார்த்தை போதாதா? கிளம்புகிற பொருள் எதுவாக இருந்தாலும் அதன் அருமை நம்மாளுக்கு உடனே தெரிந்துவிடும் அல்லவா? முதலில் காலைக் காபி ஞாபகம் வந்தது. அப்புறம் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது தனக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் டயானாவே ஞாபகத்துக்கு வந்தாள். இருட்டு வீட்டில் ஒற்றை ஆளாகக் கதவைத் திறந்து "ஏளா" என்று கூப்பிட்டால் பதில் வராது. மனுஷனுக்கு உண்மையாகவே தாங்கவில்லை.

"திருப்புலே படகை!"

அந்நேரம் பார்த்து டக் படகு ஹாரன் அடித்தது. பவளராணி அசைந்து, மெல்ல மெல்ல நகர்ந்தது. இத்தனை நாளாக அவர் காத்திருந்த காட்சி. அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாலைய என்ன செய்ய?" என்று அம்புரோஸ் கேட்டது காதில் விழாமல், அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டு கரையில் குதித்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பறந்தார். மாலையின் பாதி ஆட்டோவுக்கு வெளியே பறந்தது. கல்யாணமா துஷ்டியா என்று தெரியாமல் வழியில் ஒரு போலீஸ்காரர் பொதுவாகத் தொப்பியைத் தொட்டு வைத்தார்.

டயானா வாசலில் பாஸ்போர்ட்டும் கையுமாக வரிசையில் நின்றாள்.

"ஏளா டயானா!"

வேட்டி முழங்கால் வரை ஈரம், தலை கலைந்து, தோளில் ஆனை மாலை. வரிசையே ஒதுங்கி வழிவிட்டது. வந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தடவை பேசிப் பழகிய பேச்சு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

"ஒன்னய ஒரு நாளும் நான் நல்லாப் பாத்துக்கிடலளா. ஒங் குழம்ப நல்லாருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்ல. நீ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன செய்வேன்?"

"எல்லாரும் பாக்காவ," என்றாள் டயானா. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பாக்கட்டும். ஏளா, நீ சின்னப்பிள்ளையில கொழும்புக்குப் போனியே, எப்படிளா இருந்திச்சு? ஒரு நாள் கேக்கலையே நான்!"

டயானாவின் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷமாக உள்ளேயே வைத்திருந்த கதை! "ராத்திரி பூரா மேல்தட்டுல அப்பா மடியில படுத்துக் கிடந்தேன். எனக்கு ஒரே வாந்தி. விடியக்காலம் அப்பா எழுப்பி, அந்தா பாருட்டின்னு கைய நீட்டுனாவ. பாத்தா..."

துப்பாக்கியோடு நின்ற காவலர்கூட என்ன பார்த்தாள் என்று தெரிந்துகொள்ள ஓரடி முன்னால் வந்தார்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்து அறிவித்தாள். "சென்னையில பலத்த மழை. இன்னைக்கு ஃப்ளைட் கேன்சல். எல்லாரும் நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க. மஸ்கட் டிக்கெட்டையும் மாத்திக் கொடுத்துருவோம்."

பெட்டியை மறுபடி காரில் ஏற்றினார்கள். மாலையை டிக்கியில் அடைத்தார்கள். அண்ணாச்சி முன் சீட்டில் ஏறி, ஏசியைத் தன் பக்கம் திருப்பி வைத்து, ஒரு கொட்டாவி விட்டார்.

பின் சீட்டில் டயானாவின் முகம் இன்னும் மலர்ந்துதான் இருந்தது. விமானம் போகாவிட்டால் என்ன? "கேளுங்க, அப்பா கைய நீட்டுனாவளா, பாத்தா தூரத்துல..."

"அத நாளைக்குச் சொல்லு ஏளா," என்றார் அண்ணாச்சி. "ராத்திரிக்கு மீன் இருக்கா, வாங்கணுமா?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கிற இந்த நேரத்தில் உங்கள் வீட்டு அடுப்படியிலோ அடுத்த அறையிலோ யாரோ ஒருவர் நடமாடுகிற சத்தம் கேட்கிறதல்லவா? சற்று முன்னால்கூட அவர் ஏதோ சொல்ல வந்தார், நீங்கள் தலை நிமிராமல் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்? தெரியாது. பரவாயில்லை, அவர்தான் இன்றைக்கு எங்கேயும் போகவில்லையே.